விலா எலும்பு வேகும் நேரம்: பன்றிக்கறியின் சமூக வரலாறு



இந்த நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டார்கள். வீட்டில் பன்றி விலா எலும்பைப் பதமாக வேகவைப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்றேன். கேட்ட தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மாட்டுக்கறி என்றால்கூட நோட்டீசில் போட்டுவிடலாம்” என்றார். அவர் சாதி ஒழிப்புக் களத்தில் நெடுங்காலம் நிற்பவர், வீட்டில் பன்றிக்கறி தின்று வளர்ந்தவர். அவர் தயங்கியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று பேச நினைக்கிறேன். அடுப்பிலிருந்து தொடங்குவோம்.

பன்றியின் முதுகை ஒட்டி ஓடும் சதைக்கு அதிக வேலை கிடையாது. அது சீக்கிரம் வெந்துவிடும். விலா அப்படியல்ல. குட்டியாக விழுந்த நொடியிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்குவது விலாச் சதை. ஓயாமல் உழைப்பதால் அதில் நாரும் சவ்வும் அதிகம். அவசரப்பட்டு இறக்கினால் ரப்பர் போல இழுக்கும். அந்தச் சவ்வு 70 டிகிரிக்கு மேல் நெடுநேரம் ஈரச்சூட்டில் இருந்தால்தான் கரைந்து பசையாகும். அந்தப் பசைதான் நாம் விரலில் ஒட்டுகிறது என்று சொல்லிச் சப்புகிற ருசி. மென்மையாக இருப்பதும் இல்லாததும் எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தது என்பதைப் பொறுத்தது.

எங்கள் பக்கத்து முறையைச் சொல்கிறேன். ஒரு கிலோ விலா எலும்பை இரண்டிரண்டு எலும்பாக வெட்டி வாங்க வேண்டும். தோலோடு வாட்டிய கறியாக இருந்தால் நல்லது. வைக்கோலில் வாட்டிச் சுரண்டி மஞ்சள் பூசிய தோலுக்கு ஒரு புகை வாசனை உண்டு, கடையில் தோலுரித்துத் தரும் கறியில் அது கிடைக்காது. மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து அரை மணி நேரம் வைக்கவும். அடிகனமான சட்டியைக் காயவைத்து, எண்ணெய் ஊற்றாமல், கொழுப்புள்ள துண்டுகளை முதலில் போட வேண்டும். கொழுப்பு தானாக உருகி வரும். அந்த நெய்யிலேயே கால் கிலோ சின்ன வெங்காயமும் இரண்டு முழுப் பூண்டும் வதங்கட்டும். மிளகு, சீரகம், மல்லி, காய்ந்த மிளகாய் இவற்றை வறுத்து அம்மியில் அரைத்துச் சேர்த்து, கறி மூழ்கும் அளவு வெந்நீர் விட்டு மூடி, தீயைக் குறைத்துவிட வேண்டும். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் மட்டும் குமிழி வர வேண்டும். எலும்பின் நுனியிலிருந்து சதை ஒரு விரற்கடை பின்வாங்கியிருந்தால் பதம். பிறகு மூடியைத் திறந்து தண்ணீர் வற்றி நெய் பிரியும்வரை சுண்டவிடலாம். குக்கரில் வைப்பவர்கள் நான்கு விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 20 நிமிடம் விட்டால் போதும். அதையும் கடைசியில் திறந்து சுண்டவைத்தே ஆக வேண்டும்.

இரண்டு மணி நேரம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். கூலி வேலை முடித்துவந்த பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது? விறகு எங்கிருந்து வந்தது? ஆகவேதான் பன்றிக்கறி நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் கறியாகவும் கொடை நாள் கறியாகவும் இருந்தது. ருசியைக் குறித்துப் பேசுகிற சமையல் புத்தகங்கள் இந்த நேரக் கணக்கை எழுதுவதில்லை.

இன்னொன்றையும் அவை எழுதுவதில்லை. அந்தச் சட்டி எங்கே இருந்தது? பல வீடுகளில் அது வீட்டுக்குள் இல்லை. கொல்லையில் மூன்று கல் கூட்டிய அடுப்பு, அதற்கென்று ஒரு தனிச் சட்டி, கழுவிக் கூரை எரவாணத்தில் செருகி வைக்கும் தனி அகப்பை. தலித் குடும்பங்களிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. சாமி கும்பிடும் நாளில் அந்தச் சட்டியைக் கண்ணில் படாமல் வைப்பார்கள். நம்மை ஊருக்கு வெளியே வைத்தவர்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நாமே நம் சட்டியை வீட்டுக்கு வெளியே வைத்ததைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழியில் எங்கெங்கே என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. கடற்கரைப் பட்டினம் ஒன்றில் அவனுக்குக் கிடைப்பது கொழுத்த ஆண் பன்றியின் கறியும் நன்றாகப் புளித்த கள்ளும். அந்தப் பன்றியை வளர்த்த விதத்தையும் புலவர் விவரிக்கிறார். கள் காய்ச்சும் பெண்கள் பாத்திரம் கழுவிய நீர் வழிந்த சேற்றில் குட்டிகளோடு பெண் பன்றிகள் புரள்கின்றன. அவற்றோடு சேரவிடாமல் ஆண் பன்றியைக் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைத் தீனியாகக் கொடுத்துப் பல நாள் கொழுக்கவைக்கிறார்கள். வெறும் தவிடு இல்லை, நெல் மா! இன்று எந்தக் கால்நடைக் கையேட்டில் போட்டாலும் பொருந்தக்கூடிய கொட்டில் வளர்ப்பு முறை அது. கொடுப்பவரிடம் கூச்சம் இல்லை, வாங்குபவரிடம் அருவருப்பு இல்லை. எழுதும் புலவர் அதைப் பெருமையாகவே சொல்கிறார்.

தொல்காப்பிய மரபியலில் யானைக்குரிய ‘களிறு’ என்ற சொல்லை ஆண் பன்றிக்கும் வழங்கலாம் என்று விதி இருக்கிறது. பன்றிக் குட்டிக்கும் புலிக் குட்டிக்கும் ‘குருளை’ என்று ஒரே பெயர். மொழி அந்த விலங்கைத் தாழ்வாக வைக்கவில்லை.

அந்தப் பட்டினத்தில் கறியும் கள்ளும் பெற்ற பாணன் என்ன ஆனான் என்றும் பார்க்க வேண்டும். சில நூற்றாண்டுகள் கழித்துத் திருப்பாணாழ்வார் கதையில் பாணன் திருவரங்கம் கோயிலுக்குள் நுழைய முடியாமல் காவிரிக் கரையில் நிற்கிறான். பன்றியும் பாணனும் ஒரே காலப்பரப்பில் கீழே தள்ளப்பட்டிருக்கிறார்கள். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தள்ளிய கையின் சட்டப்புத்தகம் மனுஸ்மிருதி. அதன் ஐந்தாம் அத்தியாயம் ஊர்ப்பன்றி, காளான், பூண்டு, ஊர்க்கோழி, வெங்காயம் ஆகியவற்றை அறிந்தே தின்னும் இருபிறப்பாளன் சாதியிலிருந்து வீழ்கிறான் என்கிறது. அங்கே ஊர்ப்பன்றிக்குப் போட்டிருக்கும் சொல்லே மலத்தோடு சேர்த்துக் கட்டிய சொல். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் முன்னோருக்குத் திதி கொடுக்கும்போது காட்டுப்பன்றி, எருமை இறைச்சி படைத்தால் அவர்கள் பத்து மாதம் திருப்தியடைவார்கள் என்று எழுதியிருக்கிறது. ஆக, தீட்டு பன்றியின் சதையில் இல்லை. வேட்டையாடுபவனின் பன்றி புனிதம், வளர்ப்பவனின் பன்றி தீட்டு. அதே மூன்றாம் அத்தியாயத்தில் பிராமணர் உண்ணும்போது யார் யாரெல்லாம் பார்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறது: சண்டாளர், பன்றி, கோழி, நாய், மாதவிடாயில் இருக்கும் பெண், அலி என்று அவர்கள் இழித்துச் சொன்னவர். பன்றி மோந்தாலே உணவு கெட்டுவிடுமாம். நம்மையும் பன்றியையும் ஒரே வரியில் வைத்தது நாம் அல்ல, அவர்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் முன்னின்று எரித்த நூல் இதுதான்.

இதற்கு நேர்மாறான இன்னொரு சாப்பாட்டு இலை இருக்கிறது. புத்தர் கடைசியாக உண்ட உணவு. மகாபரிநிப்பான சுத்தத்தில், பாவா நகரத்துக் கொல்லரான சுந்தர் அவருக்குப் படைத்ததன் பெயர் ‘சூகர மத்தவ’. சூகர என்றால் பன்றி, மத்தவ என்றால் மென்மை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பன்றி மென்மை’. மென்மையான பன்றிக்கறி என்று பொருள் கொண்டவர்கள் உண்டு. பன்றிகள் மிதித்த இடத்து மூங்கில் குருத்து என்றும், காளான் என்றும் சொன்னவர்களும் உண்டு. இந்தச் சர்ச்சையில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. ஒரு கைவினைஞர் தன் வீட்டு அடுப்பில் சமைத்ததைப் புத்தர் மறுக்கவில்லை. நோய் முற்றியபோது, சுந்தரை யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்று ஆனந்தரிடம் சொல்லி அனுப்பினார். தான் ஞானம் பெறுவதற்கு முன் உண்ட உணவும் இந்த உணவும் சம அளவு பெருமையுடையவை என்றார். சமைத்தவரின் மனம் நோகக் கூடாது என்று நினைத்த மரபு ஒன்று, பார்த்தாலே தீட்டு என்ற மரபு ஒன்று. இரண்டும் இதே நாட்டில்தான் இருந்தன.

கொட்டிலில் நெல் மா தின்ற பன்றி தெருவுக்கு எப்படி வந்தது? நிலம் இல்லாதவனிடம் தீனி இல்லை. தீனி இல்லாதவன் வளர்க்கக் கூடிய விலங்கு, கிடைத்ததைத் தின்று வளரும் விலங்குதான். பன்றி 114 நாளில் ஈனும், ஒரே ஈற்றில் பல குட்டி போடும். மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும், ஆட்டை அடுத்தவன் காட்டில் விட்டால் கட்டிவைத்து அடிப்பான். பன்றிக்கு ஊரின் கழிவே போதும். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் இரண்டு பன்றி, ஆஸ்பத்திரி என்றால் ஒரு பன்றி என்று அது நடமாடும் சேமிப்பாக இருந்தது. நகரங்கள் பெருத்தன. எடுப்புக் கக்கூஸ்கள் வந்தன. அவற்றை அள்ளும் வேலையைச் சாதி பார்த்து ஒதுக்கினார்கள். அள்ளாமல் விட்டதைத் தின்னும் வேலை பன்றிக்கு வந்தது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். அவ்வளவு நாள் அந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டிருந்த சமூகம், பன்றி மலம் தின்கிறது என்று முகம் சுளித்தது. மலத்தைத் தெருவில் போட்டவர்கள் யார் என்று கேட்கவில்லை.

நோய் பற்றிப் பேசாமல் இந்த இடத்தைக் கடக்க முடியாது, மாணவர்கள் இருக்கிறீர்கள். பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும் என்பார்கள். அரைவேக்காட்டுக் கறி தின்றால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குள் போவது அந்தப் புழுவின் முட்டை. அது குடலில் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக வருகிறது. ஆகவே வாழ்நாளில் கறியே தொடாதவருக்கும் அது வரலாம். இரண்டு மணி நேரம் வெந்த நம் விலா எலும்பில் எந்தப் புழுவும் பிழைக்காது. அதேபோல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் மனிதருக்கு வந்ததாக முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூரில். பன்றியின் உடலில் அந்தக் கிருமி பெருகும் என்பது உண்மை. கொக்கு நாரைகளிலும் அது உண்டு, பரப்புகிற கொசு வளர்வது நெல் வயலின் தேங்கிய நீரில் என்பதும் உண்மை. காய்ச்சல் வந்தவுடன் நகராட்சி வண்டி வருவது பன்றிக் குடிசைக்குத்தான். பிடித்துக்கொண்டு போன பன்றிக்கு நட்டஈடு கேட்டு அலைந்தவர்களை நம்மில் பலருக்குத் தெரியும்.

அரசின் மொழியிலேயே இரண்டு பன்றிகள் இருக்கின்றன. கால்நடைப் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் ஆராய்ச்சி செய்து வளர்ப்பது ‘வெண்பன்றி’, அது சுயதொழில். குறவர், காட்டுநாயக்கர், அருந்ததியர் வீட்டுப் பின்புறம் நிற்கும் கறுப்பு நாட்டுப்பன்றி ‘தெருப்பன்றித் தொல்லை’. கறிக்கடைப் பலகையிலும் ‘வெண்பன்றி இறைச்சி’ என்றுதான் எழுதுகிறார்கள். வெள்ளை என்று சொல்லிவிட்டால் சுத்தமாகிவிடுகிறது. நிறத்தை வைத்துத் தரம் பிரிக்கும் பழக்கம் இறைச்சியையும் விடவில்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க சுமார் 90 லட்சம் பன்றிகள். 2012ஐவிட 12 விழுக்காடு குறைவு.

ஊரில் ஒரு வேடிக்கையும் நடக்கும். சேரிக்குள் கால் வைக்காதவர்கள் இருட்டியபின் தூக்குவாளியோடு வருவார்கள். “மூலத்துக்கு நல்லதாமே, மருந்துக்குக் கொஞ்சம் வேணும்” என்பார்கள். மூலத்துக்குப் பன்றிக்கறி மருந்து என்பது நம்பிக்கைதான். ஆனால் மருந்து என்ற பெயர் தீட்டைக் கழற்றிவிடுகிறது பாருங்கள். கொடுத்தனுப்பிய பெண்கள் ஒருபோதும் அதை வெளியே சொன்னதில்லை.

மேற்கே மலை ஏறிக் குடகுக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே பந்திக்கறி இல்லாமல் கல்யாணப் பந்தி கிடையாது. கறுத்துக் கெட்டியான காச்சம்புளியும் வறுத்த மிளகும் சேர்த்துச் சமைத்து, அரிசி உருண்டையான கடம்புட்டோடு பரிமாறுவார்கள். குடவர்கள் நிலம் உள்ளவர்கள், துப்பாக்கி வைத்திருப்பவர்கள். அவர்கள் தின்பதால் பன்றி அங்கே வீர உணவு. கடல் கடந்து அமெரிக்காவிலும் விலா எலும்புக்கு ஒரு கதை உண்டு. அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அடிமைகளுக்கு மாதப் படியாக 8 பவுண்டு பன்றிக்கறியோ அதற்கு ஈடான மீனோ, அத்தோடு ஒரு புஷல் சோள மாவும் தரப்பட்டதை எழுதியிருக்கிறார். தொடைக்கறி எசமானின் புகையறைக்குப் போனது. எலும்பும் காலும் குடலும் அடிமைகளின் அடுப்புக்கு வந்தன. சிறுதீயில் நெடுநேரம் வாட்டி அதைப் பதமாக்கிய கறுப்பின மக்களின் கைப்பக்குவம் இன்று அந்த நாட்டின் பெருமைமிக்க உணவு. அங்கே விலங்கு தீண்டத்தகாதது ஆகவில்லை, துண்டுகள் மட்டும் தரம் பிரிந்தன. இங்கே விலங்கையே தள்ளிவைத்தார்கள். ஒருவிதத்தில் அதனால் முழுப் பன்றியும் நமக்கே கிடைத்தது என்று கிண்டலாகச் சொல்லலாம்.

இப்போது அந்தத் தோழரின் தயக்கத்துக்கு வருகிறேன். அம்பேத்கர் 1948இல் தீண்டத்தகாதோர் பற்றிய நூலில் மாட்டிறைச்சியைத் தீண்டாமையின் தோற்றத்தோடு இணைத்தார். அதன்பின் மாட்டிறைச்சி நம் உரிமைச் சொல்லாயிற்று. 2012இல் உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர்கள் மாட்டுக்கறி விழா நடத்தி அடிவாங்கினார்கள். பன்றிக்கு அப்படி ஒரு விழா நடக்கவில்லை. அதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. பன்றிக்கறியை இஸ்லாமியரைச் சீண்டும் கல்லாக எறிபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைகளோடு நம் கை சேரக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. கெட்ட காரணமும் ஒன்று உண்டு. பன்றி வளர்ப்பவர்களை நமக்கும் கீழே வைத்துப் பார்க்கிறோம். மாடு தின்பவர் பன்றி தின்பவரைப் பார்த்து மூக்கைப் பொத்துவதைக் கூட்டங்களிலேயே பார்த்திருக்கிறேன். படிக்கட்டுச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியது நம் சமையலறையிலும் நிற்கிறது.

கலையில்தான் இந்த மௌனம் முதலில் உடைந்தது. நாகராஜ் மஞ்சுளேவின் ‘ஃபன்ட்ரி’ 2013இல் வந்தது. கைக்காடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பன்றி என்று பொருள். பிடித்த பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் அம்பேத்கர் படம் வரைந்த பள்ளிச் சுவரைக் கடந்து போகும் காட்சியைப் பார்த்தவர் மறக்க முடியாது. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ 2023இல் பன்றி வளர்க்கும் ஒருவனை நாயகனாக்கியது. ஷாஹு பட்டோலே 2015இல் மராத்தியில் ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ என்ற நூலை எழுதினார். அன்னம் முழுமையான பிரம்மம் என்ற மராத்தி வாசகத்தைத் திருப்பிப்போட்ட தலைப்பு அது. மகர், மாங் மக்களின் சமையலறையை அவர் உள்ளிருந்து எழுதினார். தமிழில் அந்த அளவுக்கு விரிவாக நம் அடுப்பை எழுதும் வேலை நிறையப் பாக்கி இருக்கிறது.

நகரத்தில் வாடகைக்குப் போன தலைமுறைக்கு வேறொரு சிக்கல். சைவமா என்று கேட்கும் வீட்டுக்காரரிடம் கோழி என்றால் முகம் கொஞ்சம் சுருங்கும், பன்றி என்றால் வீடே கிடைக்காது. கொல்லையும் இல்லை, மூன்று கல்லும் இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சாம்பிராணி போட்டுக்கொண்டு குக்கரில் வேகவைக்கிறார்கள். மாலில் அதே விலா எலும்புக்கு ‘ஸ்பேர் ரிப்ஸ்’ என்று பெயரிட்டுத் தேன் தடவி நீளத் தட்டில் வைக்கிறார்கள். அதைத் தின்றுவிட்டு வருபவரிடம் எந்த வீட்டுக்காரரும் எதுவும் கேட்பதில்லை.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வைக்கோலில் வாட்டினார்கள், எந்தச் சட்டி, அடுப்பு வீட்டுக்கு எந்தப் பக்கம், விறகு யார் பொறுக்கிவந்தது, எந்தத் துண்டு யாருக்குப் போனது, எந்த ஆண்டில் அடுப்பு உள்ளே வந்தது, உள்ளே கொண்டுவந்தது யார் என்று கேட்டு எழுதுங்கள். மசாலாவின் அளவையும் மறக்காமல் எழுதுங்கள், பெரும்பாலும் ‘ஒரு கை’ என்றுதான் சொல்வார்கள். 70 வயதைத் தாண்டிய பெண்களிடமிருந்து தொடங்குங்கள்.